பன்னிரண்டு மணி நேர வாசல்
காம்ரேட்ஸ் ஓட்டத்தின் கதையும் அதில் ஓடிய ஒரு பழைய மாணவனும்

(பி.ஏ. வரலாறு, 1981–84)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். 'நீங்கள் வரலாறு படித்தவர், வரலாற்றுக் கட்டுரைதான் வேண்டும். ஆனால் தென்னாப்பிரிக்கா போய் ஓடிவிட்டு வந்தீர்களாமே, அதுவும் அதில் இருக்க வேண்டும்' என்றார்கள். ஒரே இலையில் சாம்பாரும் பாயசமும் கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. நான் 2016-ல் ஓடிய 'காம்ரேட்ஸ் மாரத்தான்' என்ற ஓட்டமே நூறு வருஷ வரலாறு. அதில் முதல் உலகப் போர் இருக்கிறது, நிறவெறி இருக்கிறது, நம் தமிழ் மக்களின் கதையும் கொஞ்சம் இருக்கிறது. ஓடினவர்களை விட, ஓட அனுமதிக்கப்படாதவர்களைப் பற்றித்தான் அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம்.

என்னைப் பற்றி ஒரே வரி. கல்லூரி நாட்களில் நான் ஸ்போர்ட்ஸ் டே அன்று பந்தல் நிழலில் உட்கார்ந்து கைதட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவன். சேலத்தில் வங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நாற்பது வயதுக்கு மேல், சர்க்கரைக்குப் பயந்து நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகிவிட்டது. அவ்வளவுதான்.

ஓர் என்ஜின் டிரைவரின் யோசனை

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் டர்பன் துறைமுகம். அங்கிருந்து உள்நாட்டில், மலைமேட்டில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம். 1893 ஜூன் 7 இரவில் காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர்தான். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் மலையும் பள்ளமுமாகப் போகும் சாலையில்தான் காம்ரேட்ஸ் ஓட்டம் நடக்கிறது. தூரம் ஏறத்தாழ 85 முதல் 90 கிலோமீட்டர். இரண்டு மாரத்தானையும் சேர்த்து, மேலே கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு வருஷம் டர்பனிலிருந்து மேலே ஏறுவார்கள். அடுத்த வருஷம் மேலிருந்து கீழே இறங்குவார்கள்.

இதைத் தொடங்கியவர் ராஜாவும் இல்லை, கோடீஸ்வரரும் இல்லை. விக் கிளாப்ஹாம் என்ற ரயில் என்ஜின் டிரைவர். லண்டனில் பிறந்து சிறு வயதிலேயே தென்னாப்பிரிக்கா வந்தவர். முதல் உலகப் போரில் சிப்பாயாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியப் படையைத் துரத்திக்கொண்டு 2,700 கிலோமீட்டர் நடந்தவர். வெயிலிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்த தோழர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. கல்லில் தூண் எழுப்ப அவர் விரும்பவில்லை. அவர்கள் பட்ட பாட்டை நினைவூட்டும்படி உடம்பால் செய்கிற ஒரு காரியமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை நடக்கிற போட்டி அவருக்கு முன்மாதிரி.

போர் வீரர்களின் சங்கத்திடம் போய்க் கேட்டார். 'இவ்வளவு தூரம் பயிற்சி பெற்றவர்களுக்கே ஆகாதே, சாதாரண ஆளுக்கு எப்படி?' என்று மறுத்துவிட்டார்கள். கிளாப்ஹாமின் பதில் எளிமையானது. வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டு போன சாதாரண ஆட்களால் முதுகில் மூட்டையோடு பாதி ஆப்பிரிக்காவை நடக்க முடிந்தது என்றால், இதுவும் முடியும். மறுபடியும் கேட்டார், மறுபடியும் மறுத்தார்கள். 1921-ல்தான் சரி என்றார்கள். செலவுக்கு ஒரு பவுன் கொடுத்தார்கள். அதுவும் திருப்பித் தர வேண்டிய கடன்!

1921 மே 24. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபத்தின் முன்னால் 34 பேர் நின்றார்கள். நேர வரம்பு 12 மணி. பில் ரோவன் என்பவர் 8 மணி 59 நிமிடத்தில் முதலில் வந்தார். ஓடி முடித்தவர்கள் மொத்தம் 16 பேர். 34 பேரும் வெள்ளைக்கார ஆண்கள்.

அனுமதி இல்லாமல் ஓடியவர்கள்

இங்கேதான் வரலாற்று மாணவன் கொஞ்சம் நிற்க வேண்டும். 'காம்ரேட்ஸ்' என்றால் தோழர்கள். யாருக்குத் தோழர்கள்? கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் சுமை தூக்கியே செத்த கறுப்பர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்த ஓட்டத்தில் இடமில்லை. பெண்களுக்கும் இடமில்லை. 1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து போய் டர்பனில் இறங்கி, கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்த நம் ஜனங்களின் பிள்ளைகளுக்கும் இடமில்லை.

ஆனால் சாலை பொதுச் சாலை அல்லவா? பெயர் கொடுக்காமல் ஓடினால் யார் தடுப்பது?

1923-ல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்மணி மனு போட்டார். பெண் என்று நிராகரித்துவிட்டார்கள். அவர் பாட்டுக்கு ஓடினார், 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, சக ஓட்டக்காரர்களும் பார்வையாளர்களும் காசு சேர்த்து அவருக்கு வெள்ளியில் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் ஜெரால்டின் வாட்சன் என்ற பெண்மணி, இதே போல அனுமதி இல்லாமலே மூன்று முறை ஓடினார். 1935-ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் 9 மணி 30 நிமிடத்தில் ஓடி முடித்தார். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அவர் பெயரில் ஒரு பதக்கம் ஏற்படுத்த 2019 வரை ஆயிற்று. 10 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு இப்போது 'ராபர்ட் ம்ட்ஷாலி பதக்கம்' கொடுக்கிறார்கள். 84 வருஷம்!

அந்தக் காலத்து வீரர்களையும் ஒரேயடியாகக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் என்பவரைத்தான் இந்த ஓட்டத்தின் பிதாமகர் என்பார்கள். அவர் ஒரு விவசாயி. தன் பண்ணையைச் சுற்றியுள்ள நிலத்தை அரசாங்கம் கறுப்பர்களுக்கு ஒதுக்கிவிட்டது, தனக்கு நஷ்டஈடு தரவில்லை என்ற குறையை ஊர் அறியச் செய்யத்தான் முப்பத்தெட்டு வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தார். பெயர் பத்திரிகையில் வரும் அல்லவா! ஓடும் திறமை மகா திறமை. அதன் பின்னால் இருந்த குறை அந்தக் காலத்து வெள்ளைக்காரக் குறை. வரலாறு இப்படித்தான் கலந்து கட்டி வருகிறது.

1928-ல் நேர வரம்பை 11 மணியாகக் குறைத்தார்கள். இந்த ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1975-ல் திறந்த கதவும் உள்ளே போகாத மனிதரும்

1975, பொன்விழா ஓட்டம். அந்த வருஷம்தான் பெண்களுக்கும் எல்லா நிறத்தவருக்கும் அதிகாரபூர்வமாகக் கதவைத் திறந்தார்கள். வின்சென்ட் ராகபேலே 20-வது இடத்தில் வந்து, முறையாகப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பரானார். எலிசபெத் கவனாக் முதல் பெண் வெற்றியாளர்.

இது மனமாற்றம் மட்டும்தானா? இல்லை. நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை. 1970-ல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். 'எங்கள் நாட்டில் எல்லோரும் சேர்ந்துதான் விளையாடுகிறார்கள்' என்று காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் அந்த அரசுக்கு இருந்தது. ஓட்டம் முடிந்ததும் கறுப்பர் கறுப்பர் குடியிருப்புக்கும், இந்தியர் இந்தியர் குடியிருப்புக்கும் போய்விட வேண்டும். வாக்குரிமை கிடையாது.

நான் டர்பனில் தங்கியது ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் வீட்டில். நண்பரின் நண்பர் மூலம் கிடைத்த அறிமுகம். வயது அப்போது 72. நான்காம் தலைமுறைத் தமிழர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தமிழ் பேச வராது. ஆனால் தாத்தா, ஆயா, காவடி, கூழ் என்ற வார்த்தைகள் மட்டும் சுத்தமாக வாயில் வரும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இன்றும் விடாமல் செய்கிற குடும்பம். நான் 'ஐயா' என்று கூப்பிட்டால் சிரிப்பார். 'எங்க தாத்தாவைத்தான் இப்படிக் கூப்பிடுவாங்க' என்பார், ஆங்கிலத்தில்தான்.

அவர் பிறந்தது கேட்டோ மேனர் என்ற பகுதியில். இந்தியர்கள் காய்கறித் தோட்டம் போட்டு, கோயில் கட்டி வாழ்ந்த இடம். 1950-ல் வந்த குடியிருப்புப் பிரிவினைச் சட்டத்தின்படி, அது வெள்ளையர்களுக்கு என்று அறிவித்து, 1960-களில் அவர்களைச் சாட்ஸ்வொர்த் என்ற புதுக் குடியிருப்புக்குத் துரத்திவிட்டார்கள். காம்ரேட்ஸ் ஓட்டம் கேட்டோ மேனருக்குப் பக்கத்தில்தான் டர்பனுக்குள் இறங்கும். பத்து வயதுப் பையனாக அவர் சாலையோரம் நின்று ஓடுபவர்களுக்குத் தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் கொடுத்திருக்கிறார்.

'தண்ணி குடுக்க எனக்கு யாரோட அனுமதியும் தேவைப்படலை. ஓடத்தான் தேவைப்பட்டது' என்றார்.

1975-ல் கதவு திறந்தபோது அவருக்கு 31 வயது. பள்ளியில் நல்ல ஓட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் அவர் ஓடவில்லை. நிறவெறி எதிர்ப்பு விளையாட்டு அமைப்பான 'சாக்காஸ்' அப்போது ஒரு கோஷம் வைத்திருந்தது: இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது. அதாவது, ஒரு நாள் சாலையில் சமமாக ஓடவிட்டு, மீதி 364 நாள் அடிமையாக வைத்தால், அந்த ஒரு நாளை ஏற்கக் கூடாது. இவர் அதை ஏற்றுக்கொண்டார். இவருடைய சித்தப்பா மகன் ஒருவர் 'நாம ஓடிக் காட்டினாத்தான் நம்மைத் தெரியும்' என்று போய் ஓடினார். இரண்டு பேரும் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லையாம்.

யார் சரி? கல்லூரியாக இருந்தால் விவாத மேடை போட்டிருப்போம். உள்ளே போய் ஓடியவர்களால்தான் 1989-ல் சாம் ட்ஷபலாலா முதலில் வந்து, இந்த ஓட்டத்தை வென்ற முதல் கறுப்பர் ஆனார், நாடே பார்த்தது. வெளியே நின்றவர்களால்தான் உலகம் அந்த நாட்டை ஒதுக்கிவைத்தது. அந்த அழுத்தமும் நிறவெறி விழக் காரணம். உள்ளே ஓடிக்கொண்டே எதிர்த்தவர்களும் உண்டு. 1981-ல் குடியரசின் இருபதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் அரசு இந்த ஓட்டத்தையும் சேர்த்துவிட்டது. விட்ஸ் பல்கலைக்கழகத்து புரூஸ் ஃபோர்டைஸ் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஓடினார். கூட்டம் கூச்சல் போட்டது, தக்காளி வீசியது. அவர்தான் முதலில் வந்தார்! பிறகு மொத்தம் ஒன்பது முறை வென்றார்.

எங்கள் ஐயா காத்திருந்தார். 1994-ல் எல்லோரும் ஓட்டுப் போட்டு மண்டேலா வந்தார். 1995-ல் ஓட்டத்தின் தேதியையே மாற்றி, பழைய குடியரசு நாளிலிருந்து ஜூன் 16-க்குக் கொண்டு வந்தார்கள். 1976-ல் சொவெட்டோ மாணவர்கள் சுடப்பட்டு இறந்த நாள் அது. (பின்னால் தேதி வேறு நாட்களுக்கும் மாறியது.) அந்த 1995-ல், 51 வயதில், அவர் முதன்முதலாக எண் அட்டை குத்திக்கொண்டு நின்றார். 'ஓடக்கூடிய இருபது வருஷம் போச்சே, வருத்தம் இல்லையா?' என்று கேட்டேன். 'இருக்கு' என்றார். 'ஆனா வேற மாதிரி செய்திருப்பேனான்னு கேட்டா, மாட்டேன்.'

இங்கேதான் அந்த ஒரு மணி நேரம் வருகிறது. பத்து முறை முடித்தால் அந்த எண் அவருக்கே நிரந்தரம். பச்சை எண் என்பார்கள், வேறு யாருக்கும் அதைத் தர மாட்டார்கள். ஐயா ஏழு பதக்கம் வாங்கியபோது வயது ஏறிவிட்டது, 11 மணிக்குள் முடிப்பது ஆகவில்லை. 2000-ல் எழுபத்தைந்தாவது ஓட்டத்துக்காக வரம்பை 12 மணியாக்கி, 2003 முதல் அதையே நிலைநிறுத்தினார்கள். கிளாப்ஹாம் முதலில் வைத்த அதே 12 மணி. கடைசி மூன்று பதக்கத்தையும் அந்தப் பன்னிரண்டாவது மணிக்குள்தான் வாங்கினார். அவர் வீட்டுச் சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் பச்சை எண் மாட்டியிருக்கிறது.

ஏற்பாடு என்றால் இதுதான் ஏற்பாடு

என் கதைக்கு வருகிறேன். நினைத்தவுடன் போய் ஓடிவிட முடியாது. தகுதிக்கு ஒரு மாரத்தானை 5 மணிக்குள் முடித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 2016 ஜனவரி மும்பை மாரத்தானில் 4 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். அந்த வருஷம் இறக்க ஓட்டம். 'இறக்கம்தானே சார், உருண்டே போயிடலாம்' என்று ஆபீசில் கேலி செய்தார்கள். இறக்கம்தான் தொடையைக் கொல்லும். ஒவ்வொரு அடியும் உடம்பு எடையை பிரேக் போட்டு நிறுத்துகிற மாதிரி. அதனால் நாலு மாதம் ஞாயிறுதோறும் ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, இறங்கிப் பழகினேன்.

2016 மே 29. டர்பனிலிருந்து பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக எங்களை மேலே கொண்டு போனார்கள். அங்கே அது குளிர்காலத்தின் தொடக்கம். நகர மண்டபத்தின் செங்கல் கோபுரத்தின் கீழே, பழைய சட்டைகளைப் போர்த்திக்கொண்டு ஆயிரக்கணக்கானோர். பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். தகுதி நேரத்தை வைத்து எழுத்து வாரியாகக் கூண்டு பிரித்து நிறுத்துவார்கள். வேகமானவர் முன்னால், என் போன்றவர் பின்னால். தள்ளுமுள்ளு இல்லை.

எண் அட்டையைப் பார்த்தாலே ஆளின் சரித்திரம் தெரியும். பெயர், இதுவரை எத்தனை முறை முடித்தார் என்ற கணக்கு. பத்தாவது முறைக்கு ஓடுபவருக்கு மஞ்சள், பத்து முடித்தவருக்குப் பச்சை, வெளிநாட்டவருக்கு நீலம். நீலத்தைப் பார்த்தால் 'எங்க நாட்டுக்கு வந்ததுக்கு நன்றி' என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள்.

புறப்படும் முன் தேசிய கீதம். பிறகு 'ஷோஷோலோசா' என்ற சுரங்கத் தொழிலாளர் பாட்டு. பத்தாயிரம் குரல் இருட்டில் தாழ்ந்த சுருதியில் பாடினால் எப்படி இருக்கும்! அப்புறம் ஒரு சேவல் கூவல். மாக்ஸ் டிரிம்போர்ன் என்ற ஓட்டக்காரர் 1948-ல் உற்சாகத்தில் கூவினார். அது பழக்கமாகி, அவர் காலத்துக்குப் பிறகும் ஒலிப்பதிவாகக் கூவிக்கொண்டிருக்கிறது. 5:30-க்குத் துப்பாக்கி.

வழியில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தண்ணீர். நம்மூர் பாக்கெட் தண்ணி மாதிரியே சிறு பொட்டலம். பல்லால் கடித்துக்கொண்டே ஓடலாம், தம்ளர் போலச் சிந்தாது. உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆரஞ்சு. ஒவ்வொரு பந்தலையும் ஓர் ஓட்டக்காரர் கிளப்போ தொண்டு அமைப்போ எடுத்து நடத்துகிறது. சம்பளம் கிடையாது. நம் ஊரில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்களே, அதேதான்.

இரண்டு வகை 'பஸ்' உண்டு. ஒன்று ஓடுகிற பஸ்: அனுபவசாலி ஒருவர் கொடி பிடித்துக்கொண்டு, இந்த மேட்டில் நடக்கலாம், இந்த இறக்கத்தில் ஓடலாம் என்று கணக்குப் போட்டு ஒரு கூட்டத்தையே 12 மணிக்குள் கொண்டு சேர்ப்பார். அவரை 'டிரைவர்' என்கிறார்கள். தொடங்கியவர் என்ஜின் டிரைவர் அல்லவா, பொருத்தம்தான்! இன்னொன்று நிஜ பஸ்: முடியாதவர்களை ஏற்றிக்கொள்வது. வழியில் சில இடங்களில் குறித்த நேரத்துக்குள் கடக்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பிறகு அந்த பஸ்தான். பன்னிரண்டு மணி நேரமும் எனக்குப் பயம் அந்த இரண்டாவது பஸ் மேல்தான்.

இன்சாங்கா மலையடியில் எதெம்பெனி என்ற மாற்றுத்திறன் குழந்தைகள் பள்ளி. பிள்ளைகள் சக்கர நாற்காலியோடு சாலை விளிம்புக்கு வந்து கை நீட்டுகிறார்கள். எல்லோரும் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டு போனார்கள், நானும் தொட்டேன். பாதி வழியான டிரம்மண்டை 5 மணி 40 நிமிடத்தில் கடந்தேன். அதைத் தாண்டிச் சாலையோர மண் சுவரில் ஒரு குழிவு. ஆர்தர் நியூட்டன் உட்கார்ந்து இளைப்பாறிய இடமாம். அங்கே ஒரு பூ வைத்து 'காலை வணக்கம், ஆர்தர்' என்று சொல்லிவிட்டுப் போனால் இரண்டாம் பாதி நன்றாகப் போகும் என்று நம்பிக்கை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற ஊரிலிருந்து வந்தவன், விடுவேனா? ஒரு காட்டுப் பூவைப் பறித்து வைத்தேன்.

ஆர்தர் பெரிதாக ஒன்றும் உதவவில்லை. ஃபீல்ட்ஸ் ஹில் என்ற நீண்ட இறக்கத்தில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. பைன்டவுனில் பின்னோக்கித் திரும்பி நடந்து இறங்கியவர்களைக்கூடப் பார்த்தேன். அங்கே ஓர் ஓடும் பஸ்ஸில் ஒட்டிக்கொண்டேன். கௌவீஸ் ஹில் மேட்டில் டிரைவர் பாட்டை எடுத்துக் கொடுக்க, எல்லோரும் அடி வைப்பதற்கேற்பப் பாடிக்கொண்டே நடந்தோம். எனக்கு வார்த்தை தெரியாது. ராகம் மட்டும் போட்டேன். கேட்டோ மேனர்ப் பக்கம் வந்தபோது இடது புறம் திரும்பிப் பார்த்தேன். அறுபது வருஷத்துக்கு முன்னால் ஆரஞ்சுச் சுளையோடு நின்ற பையன் எங்கே நின்றிருப்பான் என்று தேடினேன். யாரோ ஒரு சிறுமி தண்ணீர்ப் பொட்டலம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் நான் கோட்டைக் கடந்தது 11 மணி 46 நிமிடத்தில். அன்று முதலில் வந்த டேவிட் கடேபி 5 மணி 18 நிமிடம் 19 விநாடியில் முடித்து இறக்க ஓட்டத்தில் புதிய சாதனை படைத்திருந்தார். அவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்திருப்பார். எனக்குக் கிடைத்தது 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் வருபவர்களுக்கான பதக்கம். அதன் பெயர் 'விக் கிளாப்ஹாம் பதக்கம்'. தொடங்கியவரின் பெயரைக் கடைசியில் வருபவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். அளவு? நம்ம ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

முதுகைக் காட்டி நிற்கும் துப்பாக்கி

இருட்டிவிட்டது, விளக்குப் போட்டுவிட்டார்கள். ஐயா அரங்கில் காத்திருந்தார். 'உட்காராதே, கடைசி பத்து நிமிஷம் பாரு. அதுதான் காம்ரேட்ஸ்' என்று என்னை வேலியோரம் நிறுத்தினார்.

காலையில் முதல்வனைப் பார்க்க வந்ததைவிட இப்போது கூட்டம் அதிகம் போலத் தெரிந்தது. தள்ளாடி வருபவர்கள், ஒருவரை இருவர் தோளில் தாங்கி வருபவர்கள், பெரிய கடிகாரத்தைப் பார்த்ததும் எங்கிருந்தோ வேகம் வந்து ஓடுபவர்கள். கோட்டின் மேல் ஓர் அதிகாரி வந்து நின்றார், ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி. யார் வருகிறார் என்று அவர் பார்க்கக் கூடாது; பார்த்தால் மனம் இளகிவிடும். கடிகாரம் மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். கூட்டமே விநாடி எண்ணியது. சரியாக 12 மணி. துப்பாக்கி வெடித்தது. உடனே கோட்டின் குறுக்கே ஆட்கள் அரணாக நின்றுவிட்டார்கள்.

பத்தடி தூரத்தில் ஒருவர் நின்றுபோனார். என் வயதுதான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் ஓடி, பத்தடிக்கு வாசல் சாத்திவிட்டது. பதக்கம் இல்லை, பட்டியலில் பெயர் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 'இது அநியாயம் ஐயா. பத்தடி விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சுடும்?' என்றேன்.

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: 'கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆள் முதுகைக் காட்டிட்டு நிக்கிறார் பாரு. வர்றவன் யாருன்னு அவருக்குத் தெரியாது. எங்க காலத்துல முகத்தைப் பார்த்துட்டுத்தான் கதவைச் சாத்தினாங்க.'

நான் படித்த எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் விதிக்கும் அநீதிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு சுருக்கமாக இல்லை. எந்தப் போட்டிக்கும் ஒரு கோடு வேண்டும். கோடு இல்லாவிட்டால் 11:59-க்கு வந்தவரின் பாட்டுக்கு மதிப்பில்லை. ஆனால் அந்தக் கோடு நேரத்தால் போட்டதா, நிறத்தால் போட்டதா என்பதுதான் கேள்வி. அதுவும் போதாது, நேரக் கோட்டையே எங்கே போடுவது என்பதிலும் நியாயம் இருக்கிறது. 1928-ல் 11 ஆக்கியதும், பிறகு 12-க்குத் திரும்பியதும் மனிதர்கள் எடுத்த முடிவுதானே? அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஐயாவின் பச்சை எண்ணும் இருக்கிறது, என் பதக்கமும் இருக்கிறது.

வாசலில் நின்றுபோனவரைச் சுற்றி நாலைந்து பேர் வந்து தோளில் கை போட்டு அழைத்துப் போனார்கள். 'அடுத்த வருஷம் வருவாரு பாரு' என்றார் ஐயா.

நம் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

கொரோனாவால் 2020-லும் 2021-லும் இந்த ஓட்டம் நடக்கவில்லை. நூற்றாண்டு நாள் அப்படியே கடந்துபோனது. 2022 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. இதற்கு முன் இப்படி நின்றது 1941 முதல் 1945 வரை, இரண்டாம் உலகப் போரின்போதுதான். போரில் பிறந்த ஓட்டம் போருக்காக நின்று, மறுபடி எழுந்தது.

நம் கல்லூரியிலும் சங்கத்தின் சார்பில் ஒரு சாலை ஓட்டம் நடத்தலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நல்ல யோசனை. எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். தூரம் 10 கிலோமீட்டர் போதும். பாதையை ஸ்கூட்டர் மீட்டரை நம்பாமல் முறையாக அளக்க வேண்டும். இரண்டு, இரண்டரைக் கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். ஒவ்வொன்றையும் ஒரு செட் ஏற்றுக்கொள்ளட்டும். விடியற்காலையில் தொடங்கி வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் கட்டாயம். மெஸ் சமையல்காரர் முதல் வாட்ச்மேன் வரை, அவர்கள் வீட்டுப் பெண்கள் வரை, எல்லோருக்கும் எண் அட்டை கொடுக்க வேண்டும். இவர்களைத் தண்ணீர் கொடுக்க மட்டும் நிறுத்திவைக்கக் கூடாது. நேர வரம்பை நடந்து வருகிறவருக்கும் எட்டும்படி, இரண்டு மணி நேரமாக வையுங்கள். பரிசளிப்பு விழாவை முதல்வன் வந்ததும் தொடங்கிவிடாமல், கடைசி ஆள் வரும் வரை காத்திருந்து தொடங்குங்கள்.

அந்தக் கடைசி ஆள் நானாக இருக்க வாய்ப்பு உண்டு. இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எண் அட்டை ஒன்று எனக்கும் எடுத்து வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.